பழைய றிவோல்வரின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மட்டக்களப்பில் எந்தப் பழம்பொருளைக் கையில் எடுத்தாலும் "இது ஒல்லாந்தர் காலத்தது" என்று சொல்ல ஒருவர் இருப்பார். வாவிக்கரையில் கோட்டை நிற்கும் ஊரில் அது இயல்புதான். ஆனால் அந்தப் பொருள் றிவோல்வர் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது 1795இல். சாமுவேல் கோல்ட் தமது சுழல் கைத்துப்பாக்கிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1836இல்.

விற்பவரின் கதையை ஒதுக்கிவிட்டு இரும்பைப் பார்ப்பவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது, குண்டிடும் அறைகளைக் கொண்டு சுழலும் உருளையின் பின்புறத்தை. தொடக்ககால றிவோல்வர்களில் அறைகளின் பின்பக்கம் மூடியிருக்கும். வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் முன்பக்கமாக இட்டு, பின்னாலுள்ள சிறு முளையில் தீமூட்டும் தொப்பியைச் செருக வேண்டும். உலோகத் தோட்டாவைப் பின்னாலிருந்து போட அறை முழுதாகத் துளைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அமைப்புக்கு ரோலின் வைட் என்பவர் 1855இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஸ்மித் அன்ட் வெஸன் நிறுவனம் அதைத் தன்வசம் வைத்துக்கொண்டு 1857 முதல் துவக்கு செய்தது. உரிமை 1869இல் காலாவதியாகும்வரை மற்ற அமெரிக்க நிறுவனங்கள் சட்டப்படி அதைத் தொட முடியவில்லை. எனவே வேறொரு அமெரிக்கப் பெயர் பொறித்த, துளைத்த உருளை கொண்ட துவக்கு பெரும்பாலும் 1869க்குப் பிந்தியது. ஐரோப்பியத் துவக்குகளுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. அந்தக் காப்புரிமை அங்கே செல்லுபடியாகவில்லை.

ஆங்கிலேயர் ஆண்ட நாட்டில் எதிர்பார்க்கக்கூடியது இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்து வெப்லி நிறுவனத்தின் துவக்குதான். குழாயில் "வெப்லி அன்ட் ஸ்கொட்" என்று இருந்தால் அது 1897க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. இரு நிறுவனங்களும் இணைந்தது அந்த ஆண்டில். பெயரைவிட நம்பத்தக்கவை சோதனை முத்திரைகள். பேர்மிங்காமில் 1813இல் சட்டத்தின் மூலம் அமைந்த சோதனை நிலையத்தில், வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்திட்டுச் சுட்டுப்பார்த்து, தாங்கிய துவக்குக்கு மட்டும் முத்திரை குத்தினார்கள். 1884இல் பிரான்சில் பால் வியேல் புகையில்லா மருந்தை உருவாக்கினார். அது பழைய கரும்மருந்தைவிட அதிக அழுத்தம் தரக்கூடியது. 1904இன் விதிகளில் இதற்கெனக் கிரீடத்தின் கீழ் "என்.பி." (நைட்ரோ புரூஃப், அதாவது புகையில்லா மருந்துச் சோதனை) என்ற தனி முத்திரை வந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் முத்திரையில் நீள்வட்டத்தின் மேல் கிரீடம் சேர்ந்தது 1893இல். கண்ணுக்கு எட்டாத இந்தச் சின்னக் குறிகள் குடும்பக் கதைகளைவிட எவ்வளவோ நேர்மையானவை! அம்புக்குறி இருந்தால் பிரித்தானிய அரசுடைமை. இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டால் அரசே விற்றுவிட்டது என்று பொருள்.

முத்திரையையும் போலியாகக் குத்தலாம். பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் செய்த வெப்லி நகல்களில் எழுத்துப்பிழைகளும் தலைகீழ் எழுத்துகளும் கிடப்பதுண்டு. எழுத்தறியாத கைத்திறன் என்று சிரிக்க வேண்டாம், அந்த வேலைப்பாடு அபாரமானது.

துவக்கில் பதித்த தொடர் இலக்கத்தை யாராவது அராவி அழித்திருந்தால்? இங்கேதான் உலோகவியல் கைகொடுக்கிறது. உளியால் எண்ணை அடித்துப் பதிக்கும்போது குழியின் அடியிலுள்ள இரும்பின் படிகங்களும் நெரிந்து ஒழுங்கு குலைகின்றன. கொப்பியில் அழுத்தி எழுதினால் அடுத்த தாளிலும் தடம் விழுமே, அப்படி. குழி மறையும்வரை அராவினாலும் நெரிந்த பகுதி உள்ளே எஞ்சியிருக்கும். அந்த இடத்தை மெருகேற்றித் தகுந்த அமிலக் கரைசலைத் தடவினால், நெரிந்த இரும்பும் நெரியாத இரும்பும் வெவ்வேறு வேகத்தில் அரிபடுகின்றன. எண் மங்கலாகத் தோன்றும். சிவக்கக் காய்ச்சினால் படிகங்கள் புதிதாக உருவாகி அந்தத் தடம் போய்விடும்.

கார்பன்-14 சோதனை செய்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. நிலக்கரியிலிருந்து வரும் கற்கரியால் உருக்கிய எஃகில் அந்தக் கதிரியக்கக் கார்பன் எப்போதோ சிதைந்து தீர்ந்திருக்கும். அது காலம் சொல்லாது.

நம் பக்கத்தில் பெரிய எதிரி கறள்தான். உப்புக்காற்றின் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் துளைத்தரிக்கிறது. கறள் இரும்பைவிடப் பன்மடங்கு இடம் பிடிப்பதால் மேற்பரப்பு உப்பி உதிர்கிறது. அதைவிடக் கேடு செய்வது உப்புத்தாள். அடித்துப் பதித்த எழுத்தின் ஓரத்தில் மெல்லிய மேடு இருக்கும். தேய்த்து மினுக்கிய துவக்கில் அந்த மேடும், திருகாணித் துளைகளின் கூர்மையும் போய்விடும். நீலக்கருமைப் பூச்சு புதிதாகப் பளபளத்து எழுத்து மட்டும் மழுங்கியிருந்தால், காசைக் கொடுக்குமுன் யோசிக்க வேண்டும்.

அந்தக் காசு இலங்கையில் கைமாறுவதென்றால் அதற்கு முன் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் நிற்கிறது. பழையது என்று நீங்களே தீர்மானித்துவிட முடியாது. அனுமதிப்பத்திரம் பற்றி மாவட்டச் செயலகத்தில் கேட்க வேண்டும். பழைய வீட்டின் பெட்டகத்தில் ஒன்று கிடைத்தால் உருளையைச் சுழற்றிப் பார்க்காமல், கறளைச் சுரண்டாமல், அப்படியே விட்டுப் பொலிஸுக்குச் சொல்லுங்கள். அறையில் இன்னும் தோட்டா இருக்கலாம்.