பத்தியில் எழுதப்படாத விடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

"மேற்கண்ட பத்தியிலிருந்து பின்வருவனவற்றுள் எதை உய்த்துணரலாம்?" இப்படி ஒரு வினாவைக் கண்டதும் தேர்வர்கள் பலர் ஊகிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சறுக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ, ஜிமேட், ஐஐஎம் சேர்க்கைக்கான கேட் என எந்தத் தேர்வானாலும் இந்த வினா கேட்பது ஏறக்குறைய ஒன்றைத்தான்: பத்தி சொல்வதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டால், எந்த விடை பொய்யாக இருக்க வழியே இல்லை?

ஒரு தொழில்நுட்பப் பத்தியை எடுத்துக்கொள்வோம்.

"லித்தியம் அயனி பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வேகமாக சார்ஜ் செய்தால், அயனிகளால் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போதிய வேகத்தில் நுழைய முடிவதில்லை. அவை மேற்பரப்பிலேயே உலோக லித்தியமாகப் படிகின்றன. அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி திரும்பக் கரைவதில்லை. அந்த அளவுக்குக் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது. அதே குளிரில் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுக்கும்போது இந்தப் படிவு ஏற்படுவதில்லை. கிடைக்கும் ஆற்றல் மட்டும் குறையும், வெப்பநிலை ஏறியதும் அது மீண்டுவிடும்."

கொடுக்கப்பட்ட விடைகள் இவை:

அ. குளிர்நாடுகளுக்கு லித்தியம் அயனி பேட்டரி ஏற்றதல்ல.
ஆ. 0 டிகிரிக்குக் கீழே மெதுவாக சார்ஜ் செய்தால் லித்தியம் படியாது.
இ. படிந்த லித்தியம் பேட்டரிக்குள் ஷார்ட் சர்க்யூட்டை உண்டாக்கக்கூடும்.
ஈ. பேட்டரிகள் கொள்ளளவை இழக்க முதன்மைக் காரணம் லித்தியம் படிவு.
உ. குளிரில் குறைவாக ஆற்றல் தந்தது என்பதை மட்டும் வைத்து, ஒரு பேட்டரி நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது.

சரியான விடை உ. படிக்கவே சப்பென்று இருக்கிறது, இல்லையா? சரியான விடைகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். குறைவாகச் சொல்லும் வாக்கியத்தைப் பொய்யாக்குவது கடினம். இதைச் சோதிக்க ஒரு வழி, விடையை எதிர்மறையாக்கிப் பார்ப்பது. "குளிரில் ஆற்றல் குறைந்தாலே பேட்டரி நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டுவிட்டது" என்று மாற்றினால், பத்தியின் கடைசி வாக்கியத்தோடு நேராக மோதுகிறது. எதிர்மறையாக்கியும் பத்தியோடு மோதாத விடையை ஒதுக்கிவிடலாம்.

ஆ மீது அந்தச் சோதனையைப் போட்டுப் பாருங்கள். "மெதுவாக சார்ஜ் செய்தாலும் படியலாம்" என்றால் பத்தியில் எந்த வாக்கியமும் உடைவதில்லை. வேகமாக சார்ஜ் செய்தால் என்ன ஆகும் என்பதை மட்டுமே பத்தி சொல்கிறது. மெதுவாகச் செய்தால் என்ன என்பது பற்றிப் பேச்சே இல்லை. 'இது நடந்தால் அது நடக்கும்' என்பதிலிருந்து 'அது நடக்கவில்லை என்றால் இதுவும் நடக்கவில்லை' என்று போகலாம். 'இது நடக்காவிட்டால் அதுவும் நடக்காது' என்று போகக்கூடாது. அறிவியல் பத்திகளில் நிபந்தனை வாக்கியங்கள் நிறைய இருப்பதால், வினா அமைப்பவர்களுக்கு மிகவும் வசதியான பொறி இது.

அ, ஈ இரண்டும் அளவு மீறியவை. ஒரு நிபந்தனையில் நடப்பதை ஒன்று நாடு முழுக்க விரிக்கிறது. பல காரணங்களில் ஒன்றாக இருக்கக்கூடியதை மற்றது 'முதன்மை' ஆக்குகிறது. ஆங்கிலப் பத்தியில் 'சம்' (சில) என்று இருந்தது விடையில் 'மோஸ்ட்' (பெரும்பாலான) ஆகியிருக்கிறதா, 'மே' (நடக்கலாம்) என்பது 'வில்' (நடக்கும்) ஆகியிருக்கிறதா என்று பார்த்தாலே இந்த வகை கழன்றுவிடும்.

விஷயம் தெரிந்தவர்களைக் கவிழ்ப்பது இ. உலக நடப்பில் அது உண்மை. பத்தியில் அதற்கு ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். உளவியலாளர் வால்டர் கின்ச்சும் மொழியியலாளர் டியூன் வான் டைக்கும் 1983-இல் விளக்கியபடி, படிக்கும்போது மனம் இரண்டு வேலைகளைச் செய்கிறது: வாக்கியங்கள் சொல்வதைத் தொகுக்கிறது, அதோடு தன் முன்னறிவையும் கலந்து, சொல்லப்படும் நிலைமையின் மாதிரி ஒன்றைக் கட்டுகிறது. நல்ல வாசிப்புக்கு அந்த மாதிரி வேண்டும். ஆனால் அதில் எது பத்தியிலிருந்து வந்தது, எது நம்முடையது என்பது பிறகு பிரித்தறியக் கடினம். அதே 1983-இல் உளவியலாளர் ஜோனதன் எவன்ஸும் உடன் ஆய்வாளர்களும் தர்க்க முடிவுகளை மதிப்பிடச் சொல்லிப் பார்த்தார்கள். தர்க்கப்படி செல்லாத முடிவானாலும், நம்பத்தகுந்ததாகத் தோன்றினால் ஆட்கள் அதை மிக எளிதாக ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே நினைவை நம்பாமல், விடைக்கு ஆதாரமான வரியை விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

முதல் வாசிப்பில் கலைச்சொற்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். கிராஃபைட் என்றால் என்னவென்று தெரியாவிட்டாலும் மேலே உள்ள வினாவுக்கு விடை சொல்லலாம். எந்த நிபந்தனையில், எது எதைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது, எது மீளும், எது மீளாது என்பதைப் பிடித்தால் போதும். 'ஆனால்', 'மட்டும்', 'ஒரு பகுதி' போன்ற சொற்களை எங்கே பார்த்தோம் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். வினாக்கள் அந்த இடங்களைச் சுற்றித்தான் பிறக்கின்றன.

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் வாசிப்புத் தேர்வில், 60 நிமிடத்தில் 40 வினாக்களுக்கு நடுவே, இதே திறன் 'நாட் கிவன்' என்ற உருவில் வரும். பத்தி மறுத்தால்தான் 'ஃபால்ஸ்'. பத்தி பேசாமல் விட்டால் 'நாட் கிவன்'. மேலே உள்ள ஆ, இ, ஈ மூன்றும் அங்கே 'நாட் கிவன்' ஆகியிருக்கும்.

கேட் தேர்வில் நான்கு விடை கொண்ட வினாவுக்குச் சரியென்றால் 3 மதிப்பெண், தவறென்றால் 1 கழியும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரி லாபம் சுழியம். அளவு மீறிய ஒன்றையும் பத்தியில் இல்லாத ஒன்றையும் தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால், சராசரியாக வினாவுக்கு 1 மதிப்பெண் கிடைக்கும். இரண்டுக்கு நடுவே தயங்கி நேரத்தைக் கரைப்பதைவிட, அதிகம் அடக்கமாகப் பேசும் விடையைக் குறித்துவிட்டு நகர்வது நல்லது.