பச்சைப் புல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம்

முதுமலை, பந்திப்பூர் பக்கம் காட்டுத்தீ என்று செய்தி வந்தால் வனவிலங்கு மருத்துவர்களிடம் முதலில் கேட்கப்படுவது, "எத்தனை யானை, புலி செத்துச்சு டாக்டர்?" என்பதுதான். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தபோது, வேறெங்கோ எடுத்த கருகிய விலங்குகளின் படங்கள்கூட வாட்ஸ்அப்பில் சுற்றின.

நம் இலையுதிர் காடுகளில் வருவது பெரும்பாலும் தரைத்தீ. சருகையும் காய்ந்த புல்லையும் தின்றுகொண்டு நகரும். யானை, காட்டெருமை, புலி எல்லாம் புகை வாசனை பட்டதும் விலகிவிடும். மண் வெப்பத்தைத் தடுப்பதால் ஆழமான வளையில் இருக்கும் அலங்கும் (எறும்புத்தின்னி) பிழைத்துக்கொள்ளலாம். மாட்டிக்கொள்வது தரைமேல் மெதுவாக நகர்பவை: நட்சத்திர ஆமை, ஓணான், நத்தை. காட்டுக்கோழி, கௌதாரி, பக்கிக்குருவி எல்லாம் தரையில் முட்டையிடுபவை. கோடையில்தான் பலவற்றுக்கு அடைகாக்கும் காலம். தீ வரும்போது தாய் பறந்துவிடும், முட்டை பறக்காது. கரிச்சானும் பனங்காடையும் தீயின் ஓரத்திலேயே காத்திருந்து, தப்பி ஓடும் பூச்சிகளைப் பிடிக்கும். இந்தச் சாவுகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பட்டுப்போன பழைய மரங்கள் இன்னொரு இழப்பு. உள்ளே பொந்து விழுந்த மரத்தில் தீ புகுந்தால் புகைபோக்கி மாதிரி உள்ளுக்குள்ளேயே எரிந்து சாயும். கிளிக்கும் ஆந்தைக்கும் அந்தப் பொந்துதான் வீடு. அப்படி ஒரு பொந்து மறுபடி உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும்.

மழை பெய்ததும் கரிக்காட்டில் இளம்புல் துளிர்க்கும், புள்ளிமான்கள் கூட்டமாக வந்து மேயும். இதைப் பார்த்துத்தான் "தீ வந்தா காட்டுக்கு நல்லது" என்கிறார்கள். ஒரு பருவத்துக்கு அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அடிக்கடி எரியும் இடத்தில் நாட்டு மரங்களின் கன்றுகள் தலைதூக்கும் முன்பே கருகிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய புதரான உண்ணிச்செடி (லாண்டானா) அப்படியில்லை, மேலே எரிந்தாலும் வேரிலிருந்து மறுபடி கிளம்பிவிடும். அது மூடிய இடத்தில் புல் இல்லை. புல் இல்லாத இடத்தில் மானுக்கும் காட்டெருமைக்கும் தீனி இல்லை. அடுத்த கோடையில் அதே புதர் காய்ந்து, தரையோடு போயிருக்க வேண்டிய தீயைக் கிளைவரை ஏற்றிவிடும். மேய்ச்சல் தேடி யானை வயலுக்கு வருகிறது என்று புலம்பும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே காடு தானாகத் தீப்பிடிப்பது அபூர்வம். பீடித்துண்டு, சமைத்துவிட்டு அணைக்காத அடுப்பு, வயலோரம் வைத்த தீ, சில சமயம் வேண்டுமென்றே வைப்பது. சரணாலயத்துக்குள் ஆபத்தாகத் தீ மூட்டுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி குற்றம். காட்டோர விடுதியில் மார்ச் மாதத்தில் 'கேம்ப் ஃபயர்' கேட்கும் விருந்தினர்களைப் பற்றி என்ன சொல்வது!

எரிந்த பகுதியில் தனியாகப் படுத்திருக்கும் மான்குட்டியைக் கண்டால் தூக்கிவராதீர்கள். புள்ளிமான் குட்டியைப் படுக்கவைத்துவிட்டுத்தான் மேயப் போகும். பெரும்பாலும் தாய் பக்கத்தில்தான் இருக்கும். தீக்காயம் பட்ட ஆமைக்கோ வேறு விலங்குக்கோ மஞ்சள், எண்ணெய், பற்பசை எதையும் தடவ வேண்டாம். அதை உரித்தெடுத்துக் காயத்தைச் சுத்தம் செய்வதே பெரும்பாடு. இடத்தைக் குறித்துக்கொண்டு, கூட்டம் சேராமல் பார்த்து, வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.