பல்லடத்தில் ஏன் இத்தனை காற்றாலைகள்?

உயரமான மலையுச்சியில்தான் நல்ல காற்று கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் தமிழ்நாட்டுக் காற்றாலைகளில் பெரும்பாலானவை நிற்பது சமவெளியில், மலையில் எங்கே இடைவெளி விழுந்திருக்கிறதோ அதற்கு நேர் கிழக்கே.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் வந்து மோதும். ஒரு பகுதி மேலேறி, கேரளப் பக்கம் மழையாகக் கொட்டும். மீதிக்கு ஏறத் தெம்பில்லை. பக்கவாட்டில் வழி தேடும். தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவே பாலக்காட்டுக் கணவாயோ ஏறத்தாழ 140 மீட்டர்தான். அகலம் சுமார் 30 கிலோமீட்டர்.

குறுகலான வழி என்பதால் வேகம் கூடுகிறது என்பது பாதி விளக்கமே. மேற்கே மலையடியில் காற்று தேங்கி அழுத்தம் ஏறியிருக்கும். கிழக்கே கொங்குச் சமவெளி வெயிலில் காய்ந்து அழுத்தம் குறைந்திருக்கும். இந்த வித்தியாசம் கணவாய் நெடுகக் காற்றைத் தள்ளிக்கொண்டே வரும். இறக்கத்தில் விட்ட சைக்கிள் அடிவாரத்தில்தானே அதிக வேகத்தில் போகும்? அதனால்தான் கணவாய் வாசலைத் தாண்டிய பல்லடம், உடுமலைப் பக்கம் அவ்வளவு காற்றாலைகள். இதேபோல் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு முப்பந்தல், செங்கோட்டைக் கணவாய்க்குத் தென்காசிப் பக்கம்.

சிறிய வேக வித்தியாசத்துக்கா இவ்வளவு தேடல்? காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும்; அதாவது வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. நொடிக்கு 6 மீட்டர் என்றால் இறக்கை சுழலும் பரப்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 130 வாட். 8 மீட்டர் என்றால் 307. காற்றை அளக்கும்போது வேகத்தில் 5 சதவீதம் கூடுதலாகக் கணித்துவிட்டால், ஆற்றல் கணக்கு 16 சதவீதம் ஏமாற்றும். காற்றை அளக்கும் கோபுரத்தை ஓராண்டாவது நட்டு வைத்துப் பார்க்காமல், சீசன் மாதங்களை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பணத்தைக் காற்றில் விடுவதுதான்.

இடம் நல்லதாக இருந்தும் கோட்டைவிடுவதுண்டு. குன்றுக்குப் பின்னால் நட்டால் காற்று சுழன்று சுழன்று அடிக்கும்; இறக்கை வட்டத்தின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் சுமை மாறி மாறி விழுந்து கியர்பாக்ஸும் பேரிங்கும் சீக்கிரம் தேயும். முன்வரிசை இயந்திரத்தின் பின்னால் ஒட்டி நட்டாலும் இதே கதி. காற்று வீசும் திசையில் இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல் 7 மடங்கு, குறுக்கே 5 மடங்கு இடைவெளி விடுவது வழக்கம்.

கார்த்திகை பிறந்தால் காற்று கிழக்கிலிருந்து திரும்பி வீசும். அப்போது வாசலும் இடம் மாறிவிடும்: பல்லடத்து இறக்கைகள் மந்தமாகச் சுற்ற, கணவாயின் மேற்கு முனையில் திருச்சூர்க்காரர்கள் ‘விருச்சிகக் காற்று’ வந்துவிட்டது என்பார்கள்.