‘மெண்டல் பிளாக்’: தமிழில் என்ன சொல்வது?

மாதவரம் பக்கம் நாங்கள் பழகும் சிமெண்ட் தளத்தில் பெரியவர்கள் ஐந்தாறு பேர்தான். மற்றவர்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள். காலை ஐந்தரைக்கே வந்து, பிள்ளைகள் கூடுவதற்குள் எங்கள் தாவல்களை முடித்துக்கொள்வோம். சக்கரக் காலணியில் ஆடும் ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங் அது. பனியில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கின் தாவல்கள்தான் இங்கேயும், பெயர்களும் பெரும்பாலும் அவையே: சால்கோ, ஃபிளிப், லட்ஸ், ஆக்சல்.

போன வருஷம் எங்களில் ஒரு அக்கா, தண்டையார்பேட்டைக்காரர், நாற்பத்திரண்டு வயது, ஆக்சலுக்கு வேகமெடுத்து வந்து, புறப்பட வேண்டிய இடத்தில் நின்றுவிட்டார். திரும்ப வந்தார், திரும்பவும் நின்றார். விழவில்லை, அடிபடவில்லை. மூன்று மாதமாக ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்த தாவல்தான். “மெண்டல் பிளாக்மா, சரியாயிடும்” என்றார் மாஸ்டர். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. வண்டி எடுக்கும்போது என்னிடம், “தம்பி, மெண்டல்னு சொல்லிட்டாரேப்பா” என்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியும். மாஸ்டர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை என்பதும் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் இந்த ஊர்க் காதில் விழும் விதம் அப்படி. அன்றைக்குத்தான் இதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் ‘மெண்டல்’. லத்தீனில் மனத்தைக் குறிக்கும் ‘மென்ஸ்’ என்ற சொல்லின் வழி வந்தது. அடிப்படைப் பொருள் ‘மனம் சார்ந்த’ என்பதுதான். நம்மிடம் அது மெண்டல் ஆஸ்பத்திரி, மெண்டல் கேஸ் என்று இன்னொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு பின்பாதி உதிர்ந்து, மெண்டல் என்பதே ஆளைச் சுட்டும் வசையாகிவிட்டது. 1794இல் தொடங்கிய சென்னையின் மனநலக் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. அந்த ஊரின் பெயரையே வசையாக்கி வைத்திருக்கிறோம். அங்கே சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் நாம் தினமும் செய்கிற அநியாயம் இது. இப்படிப்பட்ட ஊரில், நெஞ்சு படபடத்து நிற்கும் ஒருவரிடம் போய் ‘மெண்டல்’ என்று தொடங்கும் சொல்லைச் சொல்லக்கூடாது என்பது என் கட்சி.

அடுத்தது ‘பிளாக்’. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிளாக் என்றால் கட்டடம். டாக்டர் சொன்னால் இதயக் குழாயில் அடைப்பு. செல்போனில் ஆளையே பிளாக் பண்ணலாம். தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்பது மட்டும் கறுப்பைக் குறிக்கும் வேறொரு சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நம் ‘பிளாக்’கின் வேர் பழைய டச்சு மொழியில் இருக்கிறது. அங்கே அதற்குப் பொருள் மரக்கட்டை, வெட்டிப்போட்ட அடிமரம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பாதையில் கட்டையைப் போட்டால் பாதை அடைபடும், அதனால் தடுப்பது என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. இந்தக் கட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உளவியலுக்குள் இந்தச் சொல் வந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகிறது. தொடர்ந்து ஒரே வேலையைச் செய்கிறவர்களுக்கு நடுநடுவே வரும் சின்னத் தேக்கங்களை 1931இல் ஆர்தர் பில்ஸ் ‘பிளாக்கிங்’ என்றார். எழுத உட்கார்ந்தும் எழுத வராத நிலைக்கு 1947இல் எட்மண்ட் பெர்க்லர் ‘ரைட்டர்ஸ் பிளாக்’ என்று பெயர் வைத்தார். விளையாட்டில் ஒவ்வொரு துறைக்கும் தனிப் பெயர் உண்டு. கோல்ஃபில் ‘யிப்ஸ்’, வில்வித்தையில் ‘டார்கெட் பேனிக்’, ஜிம்னாஸ்டிக்ஸில் ‘ட்விஸ்டீஸ்’. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில், ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாவும் வால்ட்டில், இரண்டரைச் சுற்று முறுக்க வேண்டிய இடத்தில் அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் ஒன்றரையோடு தரையிறங்கி, அணிப் போட்டியிலிருந்து விலகினார். ட்விஸ்டீஸ் என்ற சொல் உலகத்துக்குப் பரவியது அப்போதுதான். அவரது நிலை தாவல் பிளாக்கிலிருந்து கொஞ்சம் வேறு. காற்றில் தன் உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற உணர்வே தப்பிப்போனது அது. எங்களுக்கு நடப்பது தரையிலேயே முடிந்துவிடுகிறது.

எங்களுக்கு என்ன நடக்கிறது? தாவல் தெரிந்ததுதான். காலில் வலு இருக்கிறது. போட வேண்டும் என்ற ஆசை நிறையவே இருக்கிறது. அப்படியும் புறப்படும் கணத்தில் உடம்பு எழும்ப மாட்டேன் என்கிறது. இவை எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் அது பிளாக். எழும்பிய பிறகு காற்றில் கைகால் பிரிந்து சுற்று பாதியில் நின்றுபோவதை ‘பாப்’ என்பார்கள், அது வேறு. இன்னும் கற்றுக்கொள்ளாத தாவலுக்குத் தயங்குவதும் வேறு. அது தயக்கம், நல்ல தயக்கம்.

பயம் என்று சொன்னால் போதாதா என்று என் தங்கை கேட்டாள். தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நான்கும் ஆளுக்கு வெளியே நிற்பவை. நாய் துரத்தினால் பயம், நாய் போய்விட்டால் பயமும் போய்விடும். அக்காவைத் துரத்த அங்கே எதுவும் இல்லை. “பயமா?” என்று மாஸ்டர் கேட்டபோது அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் மறக்கவில்லை. “பயம் இல்ல மாஸ்டர். நான் போறேன், கால் வரமாட்டேங்குது.”

பெரியவர்களுக்கு இது ஏன் அதிகம் வந்து உட்காருகிறது என்பதற்கு எனக்கு ஒரு எண்ணம் உண்டு. பிள்ளைகள் பார்த்துக் கற்கிறார்கள். நாம் கேட்டுக் கற்கிறோம்: இடது தோளைப் பிடி, வலது முட்டியை மேலே தூக்கு, வெளி விளிம்பில் நில். கையில் ஊறிய ஒரு செயலை, நெருக்கடியில் மறுபடி விதி விதியாக நடத்தப் பார்த்தால் அது கலைந்துவிடும் என்று 1992இல் ரிச் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் எழுதினார். வடசென்னையில் இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. கேரம் ஆடும் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான், ஸ்ட்ரைக்கரை அடிக்கும்போது விரலைப் பார்த்தால் காய் விழாது. பெரியவர்களிடம் விதிகள் நிறைய இருக்கின்றன. அதனால் திரும்பிப் பார்க்கவும் நிறைய இருக்கிறது. அதோடு, மணிக்கட்டு ஒடிந்தால் ராயபுரத்தில் கடையை யார் திறப்பது என்ற கணக்கும் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

அதிலும் ஆக்சல். நார்வேக்காரரான ஆக்சல் பால்சன் 1882இல் வியன்னாவில், அதுவும் வேகப்போட்டிக்கான காலணியோடு, போட்டுக் காட்டியது. மற்ற முக்கியத் தாவல்கள் எல்லாம் பின்னோக்கிச் சறுக்கியபடி புறப்படுபவை. ஆக்சல் மட்டும் முன்னோக்கி. ஒன்றரைச் சுற்று, அப்புறம் பின்னோக்கி இறக்கம். மற்றதில் எழும்பும் இடம் முதுகுப் பக்கம் இருக்கும். இதில் வெறும் காற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். காற்றில் இருப்பது அரை நொடிகூட இல்லை. பெரியவர்களுக்கான பனிப் போட்டிகளில் இது வாசற்படியாகவும் நிற்கிறது. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2005 முதல் ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃபில் நடத்திவரும் போட்டியில் இருபத்தெட்டு வயது நிரம்பியவர்கள் ஆடலாம். திறமையை வைத்துப் பிரிவுகள் உண்டு. வெண்கலப் பிரிவில் ஆக்சலுக்கு அனுமதி கிடையாது, அதற்கு மேலே உள்ள வெள்ளிப் பிரிவில் உண்டு. ஒரு படி ஏறுவதற்கும் ஒரு தாவலுக்கும் முடிச்சு விழுந்துவிட்டால், அந்தத் தாவல் வெறும் தாவலாக இருப்பதில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். உடனே நினைவுக்கு வருவது ‘மனத்தடை’. நல்ல சொல்தான், ஆனால் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ‘எந்த மனத்தடையும் இல்லாமல் பேசினார்’ என்கிறோம். அங்கே மனத்தடை என்றால் கூச்சம், சங்கோஜம், ஒப்புக்கொள்ள விருப்பமின்மை. அக்காவிடம் போய் மனத்தடை என்றால், உனக்கு இஷ்டமில்லை என்று சொல்வது போல ஆகும். அவருக்கு இஷ்டம் மட்டும்தான் குறையாமல் இருந்தது. ‘மன அடைப்பு’ என்றால் சாக்கடையும் இதயமும் நினைவுக்கு வருகின்றன. எதையோ குத்தி எடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. தளத்தில் பையன்கள் ‘மக்கர் பண்ணுது’ என்பார்கள், ஸ்டார்ட் ஆகாத ஆட்டோவுக்குச் சொல்வது. ‘சண்டித்தனம்’ என்பாரும் உண்டு. நடு ரோட்டில் படுத்துக்கொள்ளும் சண்டி மாட்டின் வழி வந்தது. இரண்டிலும் குற்றம் சாட்டும் தொனி இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

நான் திருவொற்றியூரில் வளர்ந்தவன். மாசித் திருவிழாவில் தியாகராஜ சுவாமி கோயில் தேர் வரும்போது கூட்டம் மேலே பார்த்துக் கும்பிடும். சின்ன வயதில் நான் கீழேதான் பார்ப்பேன். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வருகிறவர்கள் கையில் முட்டுக்கட்டை இருக்கும். கெட்டி மரத்தில் ஆப்பு மாதிரி சரிவாகச் செதுக்கியது. தேர் பள்ளத்தில் வேகம் பிடித்தால் கட்டை போடுவார்கள். தெருமுனையில் திரும்பும்போது ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கொடுப்பார்கள், தேர் மெல்ல முகத்தைத் திருப்பும். செய்தித்தாளில் ‘திட்டத்துக்கு முட்டுக்கட்டை’ என்று படித்துப் படித்து, எதிரி போடுவது என்றே நினைத்துவிட்டோம். தேரில் அதைப் போடுவது தேரைச் சேர்ந்த ஆள். தேர் கவிழக்கூடாது, கூட்டத்தில் ஏறிவிடக்கூடாது என்பதற்காகப் போடுவது.

உடம்பு செய்வதும் இதுதான் என்று நினைக்கிறேன். எங்கோ ஒரு நாள் புறப்பாடு கோணலானதை அது பார்த்துவிட்டது. நம்மைக் கேட்காமலேயே சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டது. டச்சுக்காரரின் கட்டையும் நம் கட்டையும் ஒரே பொருளில் வந்து நிற்பது தற்செயல்தான். ஆனாலும் மொழிபெயர்ப்புக்கு இதைவிட நேர் வழி வேண்டுமா? ‘முட்டு’ என்ற சொல்லுக்குள்ளேயே இரண்டும் இருக்கின்றன. முட்டுச் சந்து என்றால் மேலே போக வழியில்லாத தெரு. சுவருக்கு முட்டுக் கொடுப்பது என்றால் விழாமல் தாங்குவது. தடுப்பதும் தாங்குவதும் ஒரே சொல்.

ஆகவே எழுத்தில் ‘மனமுட்டு’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. ‘ஆக்சலில் மனமுட்டு ஏற்பட்டது’, ‘மனமுட்டு நீங்கியது’. ‘உளமுட்டு’ என்றும் ஆக்கலாம், ஆனால் வாயில் உருளவில்லை. பேச்சில் ‘கட்டை விழுந்துவிட்டது’ போதும். இந்தச் சொல்லில் இன்னொரு வசதியும் உண்டு. வயதானவர்கள் தங்கள் உடம்பையே ‘இந்தக் கட்டை’ என்பார்கள். இந்தக் கட்டைக்கு எதற்கு இந்த வயதில் ஸ்கேட்டிங் என்று எங்கள் எல்லோருக்கும் வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறார்கள்.

பெயர் மாறியதும் வைத்தியமும் மாறியது. பிளாக் என்றால் உடைக்கத் தோன்றும். ‘பிளாக்கை பிரேக் பண்ணு’ என்றுதான் கத்துவோம். முட்டுக்கட்டை விழுந்த தேரை முன்னால் நின்று இழுக்க இழுக்க, சக்கரம் கட்டை மேல் இன்னும் அழுத்தமாக ஏறி உட்காரும். கொஞ்சம் தளர்த்தினால்தான் கட்டையை உருவ முடியும். அக்கா ஒரு நாளில் நாற்பது தடவை வந்து நாற்பது தடவை நின்றபோது நடந்தது அதுதான். ஒவ்வொரு நிறுத்தமும் நிற்பதற்கான பயிற்சி ஆகிவிட்டது. பிறகு மாஸ்டர் மூன்று தடவைக்கு மேல் ஆக்சலுக்கு விடவில்லை. அரைச் சுற்று வால்ட்ஸ் தாவலுக்கு இறக்கினார். ஆக்சலின் அதே முன்னோக்கிய புறப்பாடு, பயமில்லாத உயரம். தோளையும் முட்டியையும் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு, “அந்த லைட் கம்பத்தைப் பார்த்துட்டுப் போங்கம்மா” என்று மட்டும் சொன்னார். ஆறு வாரம் ஆனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கம்பத்தைப் பார்த்துக்கொண்டே போய்ப் போட்டுவிட்டார். இறக்கம் கொஞ்சம் ஆடியது, நின்றுவிட்டார்.

போன வாரம் எனக்கு லட்ஸில் அதே கதை. இரண்டு தடவை வந்து நின்றுவிட்டு ஓரத்துக்கு வந்தேன். அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“கட்டை விழுந்திருக்கா தம்பி?”

“ஆமாக்கா.”

“சரி, விடு. அது உருவிக்கும். வா, வால்ட்ஸ் போடலாம்.”