காலை வெயிலில் தெரியும் பழைய எல்லை

நான்குநேரிக்குத் தெற்கே ஒரு பொத்தை, சின்னப் பாறைக்குன்று. பங்குனி மாதம் விடியற்காலையில் அதன் மேல் ஏறி நின்றபோது, கீழே தரிசாகக் கிடந்த செம்மண் காட்டில் தெற்கு வடக்காக ஒரு கோடு ஓடுவது தெரிந்தது. முக்கால் மணி நேரம்தான். வெயில் ஏறியதும் மறைந்துவிட்டது. இறங்கிப் போய்த் தேடினால் ஓரடி உயரம்கூட இல்லாத, கரைந்துபோன மண்மேடு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "அதுவா தம்பி, மந்தைக்குப் போட்ட பொழி. அங்கிட்டு மாடு மேயும், இங்கிட்டு வெள்ளாம" என்றார்.

மந்தைவெளி, மேய்ச்சல் புறம்போக்கு, வண்டிப்பாதை எல்லாம் ஊருக்கே சொந்தம். அதனாலேயே அவற்றின் வரப்பை வருஷா வருஷம் வெட்டிச் சீர்செய்ய ஆள் இருப்பதில்லை. முன்னோர் இதில் அசட்டையாக இருந்ததில்லை. சோழநாட்டு ஆனைமங்கலச் செப்பேடு, பெண் யானையை நடக்கவிட்டு எல்லையைச் சுற்றிவந்து, "கல்லும் கள்ளியும் நாட்டி" நிலத்தைக் கொடுத்ததாகச் சொல்கிறது. கன்று மேய்கிற பாழையும் அத்தகைய செப்பேடுகள் விடாமல் எழுதிவைத்தன. கள்ளி பட்டுப்போகும், கல்லைப் பிடுங்கிவிடலாம். தோண்டிய பள்ளமும் கொட்டிய மண்ணும் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. வானிலிருந்து பார்க்கும் தொல்லியலுக்கு அதுதான் பிடிமானம்.

முதல் தடயம் நிழல். சூரியன் அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, 30 செ.மீ. மேட்டின் நிழல் சுமார் 170 செ.மீ. நீளும். உச்சிவெயிலில் அது மேட்டின் காலடியிலேயே சுருங்கிவிடும். முதல் உலகப் போரில் விமானத்திலிருந்து வேவு பார்த்த ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டு, 1920-களில் இங்கிலாந்தின் பழைய வயல் வரப்புகளை இப்படித்தான் படமெடுத்துக் காட்டினார். அங்கே வசதி அதிகம்: மார்கழி மாதத்தில் தென் இங்கிலாந்தில் நண்பகல் சூரியனே சுமார் 15 டிகிரிதான் உயரும், பகல் முழுக்க நீண்ட நிழல். நெல்லைச் சீமை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 டிகிரிக்குள் இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர்செங்குத்தாக ஏறுகிறது. பங்குனியில் உதித்த 45 நிமிஷத்துக்குள்ளேயே 10 டிகிரியைத் தாண்டிவிடும். நான் பார்த்த கோடு அவ்வளவு சீக்கிரம் மறைந்த காரணம் இதுதான்.

மந்தைக்கு நான்கு பக்கம் உண்டே, ஒன்றுதானே தெரிந்தது? எனக்கும் அது உறுத்தியது. பங்குனியில் சூரியன் கிட்டத்தட்ட நேர்கிழக்கில் உதிக்கிறது. தெற்கு வடக்காகக் கிடக்கும் பொழியில் வெயில் குறுக்கே அடிக்கும், நிழல் விழும். கிழமேலாகக் கிடக்கும் பொழியில் வெயில் நீளவாக்கில் ஓடிவிடும். மேடு இருந்தாலும் கண்ணுக்குக் கிடைக்காது.

நிழல் தராத இடத்தில் பயிர் காட்டிக்கொடுக்கும். மாடு தாண்டாமலிருக்கப் பள்ளம் வெட்டி, அந்த மண்ணையே பொழியாகப் போட்டிருப்பார்கள். பிற்காலத்தில் தூர்ந்த அந்தப் பள்ளத்தில் பொலபொலவென்ற ஆழமான மண் சேர்ந்திருக்கும். ஈரம் நெடுநாள் தங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாமே ஒரே பச்சை, வித்தியாசம் தெரியாது. மாசியில் மானாவாரிக் காடு காயத் தொடங்கும்போது, பள்ளத்தின் மேல் நிற்கும் செடி மட்டும் சில நாள் கூடுதலாகப் பச்சையாயிருக்கும். தலைமுறை தலைமுறையாக மாடும் வண்டியும் மிதித்து இறுகிய பாதையில் நேர்மாறாக நடக்கும். வேர் உள்ளே இறங்காததால் அங்கே முதலில் வாடும். நல்ல இலை சிவப்பொளியை உறிஞ்சி, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பியனுப்பும். வாடிய இலையில் அந்த வேறுபாடு குறையும். கண் உணருமுன்பே, அகச்சிவப்பையும் பதியும் கேமரா அதைப் பிடித்துவிடுகிறது.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம்தான். ஆனால் அதில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். அகன்ற வண்டிப்பாதை தெரியலாம், ஒரு மீட்டர்ப் பள்ளம் தெரியாது; அதற்கு ட்ரோன் வேண்டும். எனக்குப் பெரிய புதையலாகத் தோன்றுவது அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள். 1995-இல் ரகசியம் நீக்கப்பட்டன. ஆழ்துளைக் கிணறும் மனைப்பிரிவும் இவ்வளவு பெருகாத காலத்து நிலம் அவற்றில் அப்படியே இருக்கிறது.

கோடு கண்டவுடன் எல்லை கண்டோம் என்று துள்ளக் கூடாது. புதைத்த தண்ணீர்க் குழாயும் இதேபோல் கோடு காட்டும், ஆட்டுத் தடமும் காட்டும். படத்தை வருவாய்த்துறைப் புலப்படத்தோடு, அதாவது நில அளவை வரைபடத்தோடு, பொருத்த வேண்டும், எல்லைக்கல் இருக்கிறதா என்று முள்ளை விலக்கிப் பார்க்க வேண்டும், எல்லையோரம் வரிசையாக நிற்கும் பனைகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆக்கிரமிக்கப்பட்ட ஊர்ப் பொதுநிலங்களை மீட்கத் திட்டம் வகுக்கும்படி 2011-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எதுவரை ஊர் நிலம் என்று தெரியாமல் எதை மீட்பது?

அந்தப் பொத்தைக்கு ஆனியில் மறுபடி போகிறேன். அப்போது சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 23 டிகிரி வடக்கே விலகி உதிக்கும். கிழமேல் பொழிக்கும் கொஞ்சம் நிழல் விழும். தரையும் புல்லின்றிக் கிடக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் ட்ரோன் நிற்காது. கேமராவைப் பாறையில் ஊன்றித்தான் எடுக்க வேண்டும்.