பில்டு என்றால் கட்டமைப்பா?

காரைக்குடிப் பக்கம் மென்பொருள் வகுப்புகளில் 'பில்டு நம்பர்' என்பதைக் 'கட்டமைப்பு எண்' என்றே எழுதிப்போடுகிறார்கள். சில செயலிகளின் தமிழாக்கத்திலும் அதே சொல்தான். தவறான சொல்.

பில்டு, குடியிருப்பைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த வினை. மென்பொருளில் அது பெயர்ச்சொல்லாகவும் நிற்கிறது: நிரலர் எழுதிய மூலநிரலை ஒருமுறை தொகுத்தால் (கம்பைல் செய்தால்) கிடைக்கும், ஓடக்கூடிய நிரல்.

கட்டமைப்போ பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் விதம். சாலையும் மின்சாரமும் உள்கட்டமைப்பு. நிரலின் ஆர்க்கிடெக்சருக்கும் அந்தச் சொல்லைத்தான் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி மறுபடி தொகுத்தால் பில்டு எண் ஏறும், கட்டமைப்பு அப்படியே இருக்கும். 'கட்டமைப்பு 417இல் கோளாறு' என்று படிக்கிற மாணவர், வடிவமைப்பே தப்பு என்றுதான் நினைப்பார். ஒரு சொல்லுக்கு இரண்டு சுமை ஏற்றினால் இப்படித்தான் ஆகும். 'உருவாக்கம்' என்பாரும் உண்டு. அது டெவலப்மென்டுக்குப் போய்விட்டது.

என் தேர்வு 'கட்டு'. கட்டுவதால் கிடைப்பது கட்டு. பல கோப்புகளைச் சேர்த்துக் கட்டியதும் கட்டுதான். எண்ணோடு வர அதற்குத் தயக்கமே இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்று இன்றும் எண்ணித்தானே சொல்கிறோம்? காயக்கட்டோடு குழம்பும் என்கிறார்கள். நிரலைப் பற்றிப் பேசும் இடத்தில் யாரும் குழம்ப மாட்டார்கள்.

வெர்ஷனுக்குப் 'பதிப்பு' போதும், அதில் தகராறில்லை. ஆனால் பதிப்பும் கட்டும் வேறு வேறு என்பதை மொழிபெயர்ப்பவர்கள் கவனிப்பதில்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11, உள்ளே தன்னை 10.0.22000 என்றுதான் சொல்லிக்கொண்டது. விண்டோஸ் 10இலிருந்து அதைப் பிரித்துக் காட்டியது கடைசியில் உள்ள கட்டு எண்.

எண்முறை தேர்ந்தெடுப்பவர்களுக்கும் இந்தப் பிரிவு தேவை. 1.4.2 போன்ற பரவலான மூவெண் முறையில், பழையபடி பயன்படுத்த முடியாமல் போனால் முதல் எண் ஏறும், அப்படிப் போகாமல் புது வசதி வந்தால் நடு எண், வெறும் பிழைதிருத்தம் என்றால் கடைசி எண். 1.9க்கு அப்புறம் 1.10 வரும், அந்தப் புள்ளி தசமப்புள்ளி அல்ல. கட்டு எண்ணைக் கூட்டல் குறிக்குப் பின்னால் 1.4.2+417 என்று சேர்க்கலாம். எது புதிய பதிப்பு என்று பார்க்கும்போது அந்தப் பகுதி கணக்கில் வராது. தமிழில் 'பதிப்பு 1.4.2, கட்டு 417' என்று எழுதினால், எந்த எண் பயனருக்கு, எந்த எண் சோதிப்பவருக்கு என்று பார்த்ததுமே தெரியும். அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள், அந்தச் சொல் திரையில் எங்கே நிற்கிறது என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.