சக்கரம் நின்றதா, வயர் அறுந்ததா?

மழை ஈரம் காயாத சாலையில் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறீர்கள். கார் ஓடிக்கொண்டே இருக்க, ஒரு சக்கரம் மட்டும் சுற்றாமல் வழுக்குகிறது. அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தத்தை உடனே கொஞ்சம் குறைக்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பின் வேலையே அதுதான். சக்கரம் நின்றுவிட்டது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? சக்கரத்தருகே இருக்கும் சென்சாரிலிருந்து வந்துகொண்டிருந்த மின் துடிப்பு நின்றுபோகிறது. சரி, சென்சாரின் வயர் அறுந்தாலும் துடிப்பு நின்றுபோகுமே! இரண்டையும் குழப்பிக்கொண்டால், ஒழுங்காகச் சுற்றும் சக்கரத்தின் பிரேக்கை அல்லவா தளர்த்திவிடும்?

முதலில் ஒன்று. 'சக்கர வேக சென்சார்' வேகத்தை அளப்பதில்லை, பெயர்தான் அப்படி. சக்கரத்தோடு சுற்றும் வளையத்தின் ஒரு பல் எதிரே கடந்து போனால் ஒரு துடிப்பு, அடுத்த பல்லுக்கு இன்னொன்று. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். துடிப்புகளுக்கு இடையே எவ்வளவு நேரம் என்று பார்த்து வேகத்தைக் கணக்குப் போடுவது ஏபிஎஸ் கணினி. ஒரு சுற்றுக்கு 48 துடிப்பு, டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாலையில் சுமார் 4 செ.மீ. நகர்ந்தால் ஒரு துடிப்பு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 420.

1978இல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் கார்களில் வந்தபோது இருந்தவை காயில் சென்சார்கள். ஒரு காந்தம், அதன் இரும்பு முனை, முனையைச் சுற்றிச் செம்புக் கம்பி. சக்கரத்தோடு சுற்றும் பல் வெட்டிய இரும்பு வளையம், ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் எதிரே இருக்கும். பல் நெருங்கும்போது காந்தப்புலம் வலுக்கும், பள்ளம் வரும்போது தளரும். அந்த ஏற்ற இறக்கம் காயிலில் மின்னழுத்தத்தைத் தூண்டும். பழைய சைக்கிள் டைனமோவைப் போலத்தான். வேகமாக மிதித்தால் விளக்கு பிரகாசிக்கும், உருட்டிக்கொண்டு நடந்தால் மினுக்கக்கூட மினுக்காது. இந்தச் சென்சாருக்கும் அதே குறை உண்டு. கார் ஊர்ந்து போகும்போது சிக்னல் மில்லிவோல்ட் கணக்கில் இளைத்து, இரைச்சலில் கரைந்துவிடும். வயர் முழுசாக இருக்கிறதா என்று காயில் வழியே சிறு மின்சாரம் அனுப்பிப் பார்க்கலாம். ஆனால் சென்சார் தள்ளிப்போய் இடைவெளி கூடியிருந்தால், வண்டி கொஞ்சம் ஓடி மற்றச் சக்கரங்களோடு ஒப்பிடும்வரை குட்டு வெளிப்படாது.

இன்றைய கார்களில் பெரும்பாலும் காயில் இல்லை, ஒரு சிறு சிப். ஹால் விளைவையோ (மின்சாரம் ஓடும் தகட்டில் காந்தப்புலம் பட்டால் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றுவது), காந்தப்புலத்துக்கு ஏற்பத் தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும் மெல்லிய படலத்தையோ வைத்து அது புலத்தை நேரடியாக உணர்கிறது. புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது அதற்குப் பொருட்டல்ல, அதனால் நத்தை வேகத்திலும் துடிப்பு தெளிவாக வரும். பல் வளையத்துக்குப் பதிலாக, பல வண்டிகளில் பேரிங்கின் சீலிலேயே காந்தமேற்றிய ரப்பர் வளையம் ஒட்டியிருக்கும். வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று சுற்றிலும் துருவங்கள்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். சிப்புக்கு மின்சாரம் வேண்டும், அது சிக்னலும் அனுப்ப வேண்டும். இருப்பதோ இரண்டே வயர்கள். சிப் என்ன செய்கிறது? மின்சாரம் எடுக்கும் அளவையே சிக்னலாக்கிவிடுகிறது! ஒரு நிலையில் 7 மில்லிஆம்பியர் எடுக்கும், மறு நிலையில் 14. கணினியின் பக்கம் 100 ஓம் மின்தடை இருந்தால் அதன் குறுக்கே 0.7 வோல்ட், 1.4 வோல்ட் என்று மாறி மாறித் தெரியும். கனெக்டரில் கொஞ்சம் பச்சை பூத்து மின்னழுத்தம் சற்று விழுந்தாலும் பரவாயில்லை, சுற்று முழுக்க ஓடுவது ஒரே மின்னோட்டம்தானே.

அப்புறம், முதலில் கேட்ட கேள்விக்கும் இதிலேயே விடை கிடைத்துவிடுகிறது. சக்கரம் நின்றால் மின்னோட்டம் 7இலோ 14இலோ அசையாமல் நிற்கும். வயர் அறுந்தால் சுழியம். வயர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டால் 14ஐத் தாண்டி எங்கோ போகும். பிந்தைய இரண்டில் எது நடந்தாலும் கணினி ஏபிஎஸ்ஸை நிறுத்தி, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கைப் போடும். சாதாரண பிரேக் எப்போதும்போல வேலை செய்யும்.

இன்னும் கெட்டிக்கார வகை ஒன்று உண்டு. வேகத் துடிப்புக்கு 28 மில்லிஆம்பியர், அதன் பின்னாலேயே 14க்கும் 7க்கும் இடையே தாவும் சில பிட்டுகள், அதாவது 0, 1 குறிகள். சக்கரம் எந்தத் திசையில் சுற்றுகிறது, காந்தப்புலம் போதுமா என்பதெல்லாம் அந்தப் பிட்டுகளில் இருக்கும். வண்டி நின்றிருந்தாலும் 150 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு தகவல் வரும். மேட்டில் நிற்கும் கார் பின்னால் உருளத் தொடங்குகிறதா என்று கண்டுபிடிக்க இந்தத் திசைத் தகவல் உதவுகிறது.

பழுது பார்க்கும் இடத்தில் சிக்கலே இந்த வகை மாற்றத்தால்தான். காயிலை மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்ப்பது பழைய பழக்கம். சிப் சென்சாரில் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை, சிப் கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. பேரிங் மாற்றும்போது இன்னொரு தவறு நடக்கும். காந்த வளையத்தில் பல் எதுவும் தெரியாது, இரண்டு பக்கமும் வெறும் கறுப்புச் சீல் போலவே இருக்கும். திருப்பிப் போட்டு அடித்துவிட்டால் சக்கரம் சத்தமில்லாமல் ஓடும், ஏபிஎஸ் விளக்கு மட்டும் அணையாது. போடுவதற்கு முன் ஒரு பேப்பர் கிளிப்பைச் சீலின் மேல் வைத்துப் பாருங்கள். லேசாக ஒட்டும் பக்கம்தான் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும்.